மீசை

குத்தாய்சி மருத்துவமனை, இரண்டாம் மாடி.
மக்வாலாவின் கையில் ஒரு படிவமும்
முனை மழுங்கிய பென்சிலும்.
ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் ஏழு முகங்கள்.
முதல் முகம் சிரிக்கிறது,
ஏழாவது அழுகிறது,
நடுவில் இருப்பவை எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி,
என்ன நினைக்கின்றன என்று சொல்ல முடியாது.

அப்பா பார்க்கக் கூடாது என்றார் டாக்டர்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கீழே சந்தை.
நூலில் கோத்த அக்ரூட்டைத் திராட்சைப் பாகில் முக்கி
மெழுகுவத்திகள் போல வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.
ஒன்பது வருடமாக
அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

கோழிக்கு அக்ரூட், கீரைக்கு அக்ரூட்,
கத்தரிக்காயைச் சுருட்டினால் உள்ளே அக்ரூட்.
கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஒரே அரைப்பு.
விருந்தாளி கடவுள் அனுப்பியவர் என்போம் இங்கே.
என் மகள்
எந்த வீட்டுக்கும் தன் டப்பாவோடு போகிற விருந்தாளி.
மக்வாலா என்றால் எங்கள் மொழியில் ப்ளாக்பெர்ரி.
நல்லவேளை,
சொந்தப் பெயர் அவளுக்கு ஒத்துக்கொள்கிறது.

"ஒரே ஒரு வாய், என்ன ஆகிவிடும்"
என்று கரண்டியை நீட்டியது என் அண்ணி.
மூன்று வயது அப்போது.
உதடு தடித்து, குரல் உள்ளே போய்,
நான் ஓட்டுகிற வேனில்
பதினெட்டு சீட்டும் காலியாகக் குலுங்க
ஒருத்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.
அண்ணி இன்றும் அதைப் பேசுவதில்லை.
நானும்.

மீசை போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து.
செஸ்தப்போனி டிப்போ கேண்டீனில்
ஆசை அடங்காமல் ஒரு தட்டு சத்சிவி தின்றேன்.
கை கழுவினேன், வாய் கொப்பளித்தேன்,
ஒரு பாக்கெட் புதினா மிட்டாய் மென்றேன்.
வீட்டுக்கு வந்து தூங்குகிறவளை முத்தமிட்டேன்.
விடியும்போது
கன்னத்தில் என் மீசையின் அச்சு
சிவந்து தடித்துக் கிடந்தது.
அன்றே மழித்தேன்.
கேட்டவர்களிடம் வெயில் என்றேன்.
அது பிப்ரவரி.

"அப்பா, 'அடிக்கடி'க்கும் 'எப்போதும்'க்கும் என்ன வித்தியாசம்?"
திரும்பாமலே சொன்னேன்:
ஒன்று என் வேன் மாதிரி, வரும் போகும்.
இன்னொன்று ரியோனி ஆறு மாதிரி.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு பென்சில் ஒரு வட்டம் போட்டது.
எந்த முகத்தில் என்று
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

டாக்டர் கூட்டினார், வகுத்தார்.
"நான்கு புள்ளி இரண்டு."
நல்லதா?
"நடுத்தரம்."
இவளுடைய வாழ்க்கையின் தரம்
பெட்ரோல் விலைபோல
மேசைமேல் கிடந்தது.

கடைசிப் பக்கத்தில்
வேறு ஏதாவது எழுத விரும்பினால் என்று
நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள்.
டாக்டர் அதை என் பக்கம் தள்ளினார்.
கோட்டுக்கு வெளியே வழிந்த எழுத்து:

"குவான்ட்சா என் பக்கத்தில் உட்காருவதற்காக
காலையிலிருந்து கொட்டை எதுவும் தின்னாமல் வருவாள்.
கையை மோந்து பார்த்துத்தான் உட்கார விடுவேன்.
அவள் சிரிப்பாள். அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.
அப்புறம் எங்கள் அப்பா மீசை.
அதற்கு எந்த முகம் என்று தெரியவில்லை."

மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தேன்,
திருடன் பையைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

படியிறங்கும்போது
இடுப்புப் பையில் ஊசிப் பேனா டக் டக் என்றது.
வெளியே நல்ல மழை.
"நிஜமாகவே வெயிலா அப்பா?"
என்றாள்.
"கொளுத்தியது" என்றேன்.
தலையாட்டினாள், டாக்டர்போல.
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
சந்தையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.